வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் நெட் அடிக்கடி கட் ஆகிறது, போனில் நன்றாக வருகிறது. ரவுட்டரை மாற்றலாமா?

கேட்டவர் கொடுத்திருக்கும் விவரம் இவ்வளவுதான்: விண்டோஸ் 11 போட்ட டெஸ்க்டாப், வைஃபையில் ஓடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நெட் போய்விடுகிறது. அதே வைஃபையில் போன் ஓடுகிறது. ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகிறது. கொஞ்ச நேரத்தில் பழைய குருடி கதவைத் திறடி.

இப்போதைக்கு ரவுட்டரை மாற்றாதீர்கள். நான் மாற்றிப் பார்த்தவன். ரவுட்டரை மாற்றினேன், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன், யார் யாரோ எழுதி வைத்த கட்டளைகளை எல்லாம் அர்த்தம் தெரியாமலே வரிசையாக அடித்தேன். மூன்று வாரம் வீணானதுதான் மிச்சம். குற்றவாளி என் மேஜைமேல் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தான். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் இரண்டு சாட்சிகளையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். "போனில் வருகிறது" என்கிறீர்கள். வைஃபை சொதப்பினால் பல போன்கள் சத்தம் போடாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். திரையின் மேல் ஓரத்தில் இருக்கும் குட்டிச் சின்னத்தை யார் கவனிக்கிறோம்? மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, போனைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ரவுட்டருக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து போனில் படம் பார்த்ததை இதோடு ஒப்பிட முடியாது. வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் உண்டு. போன் 5 கிகாஹெர்ட்ஸிலும் கம்ப்யூட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் இணைந்திருந்தால் பெயர்தான் ஒரே வைஃபை, பாதை வேறு வேறு.

இரண்டாவது சாட்சி, "ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது". ரவுட்டரை அணைத்துப் போட்டால் ஒரே நேரத்தில் நாலைந்து காரியம் நடக்கிறது. எல்லாச் சாதனங்களும் அறுந்து புதிதாக ஒட்டுகின்றன. சேனல் (அலைவரிசைக்குள் வைஃபை ஓடும் தடம்) ஆட்டோவில் இருந்தால் ரவுட்டர் வேறு சேனலுக்குப் போகலாம். வெளி இணைப்பு புதிதாக லாகின் ஆகிறது. உங்கள் கம்ப்யூட்டரின் வைஃபை கார்டும் விழுந்து எழுகிறது. இதில் எது உங்களைக் காப்பாற்றியது என்று எப்படிச் சொல்வீர்கள்? அடுத்தமுறை ரவுட்டரைத் தொடாதீர்கள். கம்ப்யூட்டரில் வைஃபையை மட்டும் ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். அதிலேயே நெட் திரும்பினால் ரவுட்டர்மேல் இருக்கும் சந்தேகம் பாதி குறைந்தது.

"நெட்" என்று நாம் ஒற்றை வார்த்தையில் சொல்வது உண்மையில் மூன்று துண்டு. கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டர் வரை ஒன்று. ரவுட்டரிலிருந்து வெளியே ஒன்று. தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடிக் கொடுக்கும் டிஎன்எஸ் மூன்றாவது. எந்தத் துண்டு அறுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைக் காட்டிக்கொடுக்க விண்டோஸிலேயே கருவி இருக்கிறது, எதையும் இறக்க வேண்டியதில்லை.

கமாண்ட் பிராம்ப்ட்டை, அதாவது கட்டளை அடிக்கும் கருப்பு ஜன்னலைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையை அடியுங்கள். டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் ஓர் எண் இருக்கும். பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதுதான் உங்கள் ரவுட்டர். இப்போது அந்தக் கருப்பு ஜன்னல் இரண்டு வேண்டும். இடதுபக்க ஜன்னலில் பிங் (ping) என்று அடித்து, ஓர் இடம் விட்டு அந்த எண், இன்னோர் இடம் விட்டு ஒரு சிறு கோடும் அதை ஒட்டி 'டி' எழுத்தும் (-t). வலதுபக்க ஜன்னலில் அதே கட்டளை, எண் மட்டும் 8.8.8.8. அது கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர், ராத்திரி பகல் பார்க்காமல் பதில் சொல்லும். கோடு-டி போட்டதால், நீங்கள் கன்ட்ரோல்-சி அழுத்தும்வரை நொடிக்கு ஒருதரம் இரண்டும் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். இரண்டையும் திரையின் ஓரத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

நெட் போனதும் ஓடிப்போய் ரவுட்டர் சுவிட்சைத் தட்டாமல், ஜன்னல்களைப் பாருங்கள். இடது வலது இரண்டும் நின்றிருந்தால், கோளாறு உங்கள் கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில், அல்லது ரவுட்டரே விழுந்து எழுகிறது. இடது ஓடுகிறது, வலது நின்றுவிட்டது என்றால் ரவுட்டரிலோ அதற்கு வெளியிலோ. இரண்டும் ஜோராக ஓடுகிறது, பிரவுசர் மட்டும் பக்கம் காட்டவில்லை என்றால் டிஎன்எஸ், அல்லது நடுவில் புகுந்த விபிஎன், ஆன்டிவைரஸ் வகையறா.

கட் ஆகும்போது மட்டுமல்லாமல், அதற்கு முந்தைய பத்து வரிகளையும் படியுங்கள். இடதுபக்கம் சாதாரணமாக 2, 3, 5 மில்லிசெகண்ட் என்று போகும். அது 180, 600, 900 என்று ஏறி, பிறகு 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' வந்தால் சிக்னலை ஏதோ அமுக்குகிறது: தூரம், சுவர், நெரிசல், இரைச்சல். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது திடீரென்று 'ஜெனரல் ஃபெயிலியர்' என்று விழுந்தால் வைஃபை கார்டே இணைப்பைக் கைவிட்டிருக்கிறது. அங்கே டிரைவரையும் (கார்டை இயக்கும் மென்பொருள்) மின்சேமிப்பு அமைப்பையும் சந்தேகியுங்கள்.

கூடவே ஒரு துண்டுச் சீட்டு வைத்துக்கொள்ளுங்கள். போன நேரம், வந்த நேரம், அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். அந்த மூன்றாவது விவரத்தை எழுதச் சோம்பலாக இருக்கும், எனக்கும் இருந்தது. நான்காம் நாள் என் சீட்டில் எட்டு வரி சேர்ந்திருந்தது. அதில் ஏழு வரிக்கு எதிரே 'போட்டோ காப்பி' என்று என் கையெழுத்து.

என்னுடையதும் டெஸ்க்டாப்தான். வைஃபைக்கு விரல்நுனி அளவில் ஒரு யூஎஸ்பி டாங்கிள். அதற்கு அடுத்த துளையில்தான் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகுவேன், யூஎஸ்பி 3.0, நீலத் துளை. இடது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே டிஸ்க்கைச் செருகிக் காப்பி போட்டேன். 3, 4, 3, 170, 640, டைம்ட் அவுட். பிடுங்கினேன். 4, 3, 3. நம்ப முடியாமல் மறுபடி செருகினேன். மறுபடி அதே கதை. மூன்று வாரமாக ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருந்தவனுக்கு அந்த மூன்று வரி போதுமாக இருந்தது.

காரணம் இப்படி. யூஎஸ்பி 3.0 நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவை அனுப்பும்போது அந்தக் கேபிளும் இணைப்பானும் ஒரு ரேடியோ இரைச்சலைக் கக்குகின்றன. அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் மேலேயே விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. டாங்கிளின் ஆன்டெனா ஓர் அங்குலம் தள்ளி இருந்தால் அதன் காதில் யாரோ தகரம் தட்டுகிற மாதிரி. ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் போட்டு டாங்கிளை மேஜையின் அந்த மூலைக்குக் கொண்டுபோனேன், தீர்ந்தது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினாலும் தீர்ந்திருக்கும், என் டாங்கிளுக்கு அந்த வசதி இல்லை. எட்டாவது வரியா? மைக்ரோவேவ் அவன். அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் வேலை செய்கிறது.

உங்களுக்கும் இதுவே என்று சொல்லவில்லை. இடது ஜன்னல் நின்றால் பார்க்க வேண்டியவற்றில் இது ஒன்று. டெஸ்க்டாப் என்பதால் முதலில் குனிந்து பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். மதர்போர்டிலேயே வைஃபை இருந்தால் பின்னால் இரண்டு சிறு பித்தளைத் திருகுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஆன்டெனா மாட்டியிருக்கிறதா? பலர் அதை டப்பாவிலேயே விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அது இல்லாமலும் வைஃபை பிடிக்கும், அரைகுறையாக. மாட்டியிருந்தாலும் தகரப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தால் பிரயோஜனம் கம்மி.

அடுத்தது மின்சேமிப்பு. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் கீழே உங்கள் வைஃபை கார்டை வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போங்கள். பவர் மேனேஜ்மென்ட் என்று ஒரு தாவல் இருந்தால், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று அனுமதி கொடுக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். எல்லாக் கம்ப்யூட்டரிலும் இந்தத் தாவல் இருக்காது. விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாளிலிருந்து தொல்லை என்றால் அங்கேயே டிரைவர் தாவலில் பழைய டிரைவருக்குத் திரும்பும் ரோல் பேக் இருக்கும், அதை முதலில் முயலுங்கள். புது டிரைவர் வேண்டுமானால் கம்ப்யூட்டரையோ மதர்போர்டையோ செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுங்கள். "ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும்" என்று கூவும் மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள், தலைவலி போய்த் திருகுவலி வரும்.

அக்கம்பக்கத்தில் வைஃபை நிறைய இருந்தால் ரவுட்டர் அமைப்பில், 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 இந்த மூன்று சேனல்களுக்குள் ஒன்றை நிலையாக வையுங்கள். ஒன்றோடொன்று மோதாதவை அவைதான். 3, 4 என்று நடுவில் போய் நின்றால் இரண்டு பக்கத்துக் கூச்சலும் கேட்கும். 5 கிகாஹெர்ட்ஸில் வேறொரு வேடிக்கை உண்டு. அங்கே 52 முதல் 144 வரையிலான சேனல்களில் பெரும்பாலானவை ரேடாரோடு பங்கு போட்டவை. ரேடார் மாதிரி எதையாவது கேட்டுவிட்டால் ரவுட்டர் அந்தச் சேனலைக் காலி செய்தே ஆக வேண்டும், அது விதி. வேறு சேனலுக்குப் போகும்போது நமக்கு நெட் ஒரு நிமிடம் காணாமல் போகலாம். அந்தச் சந்தேகம் வந்தால் 36-இலிருந்து 48-க்குள் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவு குடைவதற்கு முன் ஒரு குறுக்குவழி: ஓர் ஈதர்நெட் கேபிளைக் கடன் வாங்கியாவது கம்ப்யூட்டரையும் ரவுட்டரையும் ஒருநாள் நேராக இணையுங்கள். அன்று முழுக்க நெட் போகவில்லை என்றால் பிரச்சினை வைஃபையில்தான், வேறெங்கும் தேட வேண்டாம். கேபிள் நல்லதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். செருகும்போது 'டிக்' என்று பிடிக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் நாற்காலி அசைந்தாலே கழன்றுகொள்ளும். ரவுட்டரும் கம்ப்யூட்டரும் 1000 எம்பிபிஎஸ் வேகத்துக்கு ஆனவையாக இருந்தும் இணைப்பு 100 என்றே காட்டினால், பெரும்பாலும் உள்ளே எட்டுக் கம்பியில் ஒன்றிரண்டு அறுந்திருக்கும். 100-க்கு நாலு கம்பி போதும், 1000-க்கு எட்டும் வேண்டும்.

வலது ஜன்னல் மட்டும் நின்றால் கதை வேறு. ஃபைபர் இணைப்பு என்றால் அந்த நேரத்தில் ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாகிறதா பாருங்கள். சிவப்பு என்றால் ஒளியே வந்து சேரவில்லை. மஞ்சள் ஃபைபர் வயர் மேஜைக் காலில் மடங்கியிருந்தால் நிமிர்த்திவிட்டு, பிறகு இணைப்பு கொடுத்தவர்களைக் கூப்பிடுங்கள். இடது வலது இரண்டும் நின்று, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் காட்டும் அப்டைம் (ஆன் ஆகி எவ்வளவு நேரம் என்ற கணக்கு) நெட் போகும்போதெல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது என்றால், ரவுட்டர் தானாக விழுந்து எழுகிறது. நான் முதலில் சந்தேகிப்பது அதன் மின் அடாப்டரைத்தான், வருஷக்கணக்கில் சூட்டிலேயே கிடக்கிற பொருள் அது. புதிது வாங்கினால் வோல்ட் அச்சாக அதே இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ அதிகமோ இருக்கலாம், முனையின் பிளஸ் மைனஸும் பொருந்த வேண்டும்.

கூப்பிடும்போது அந்தச் சீட்டு கையில் இருக்கட்டும். "அடிக்கடி போகுது" என்றால் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பார்கள். "நேற்று 9.40, 11.05, 4.20-க்குப் போனது, ரவுட்டருக்குப் பிங் ஓடுகிறது, வெளியே ஓடவில்லை, எல்ஓஎஸ் சிவப்பு" என்று சொல்லுங்கள், பேச்சே மாறும். வேல்ஸில் அபெர்ஹோசன் என்ற கிராமத்தில் சுமார் 18 மாதம் தினமும் காலை 7 மணிக்கு ஊர் முழுக்க பிராட்பேண்ட் படுத்துக்கொண்டது. கேபிளையே மாற்றிப் பார்த்தும் தீரவில்லை. பொறியாளர்கள் கருவியோடு அந்த நேரத்தில் தெருவில் நடந்து தேடியபோதுதான், ஒரு வீட்டில் காலையில் போடும் பழைய டிவி மின்காந்த இரைச்சலை வீசுவது அகப்பட்டது. 2020-இல் செய்தியாக வந்தது. ஏழு மணி என்ற தகவல் மட்டும் இல்லாமல் போயிருந்தால் இன்னும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

டிஎன்எஸ் வகை சுலபம். கம்ப்யூட்டரின் நெட்வொர்க் அடாப்டர் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியாக 1.1.1.1 அல்லது 8.8.8.8 கொடுத்துப் பாருங்கள், விபிஎன் இருந்தால் ஒருநாள் அணைத்து வையுங்கள். ஐபிகான்ஃபிக்கில் உங்கள் முகவரி 169.254 என்று தொடங்கினால் அது டிஎன்எஸ் விவகாரமே இல்லை. ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் விண்டோஸ் தானாக ஒன்றை ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம், இடது ஜன்னல் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ரவுட்டருக்குப் பின்னால் ஊசி நுழையும் அளவில் ஒரு ஓட்டை இருக்கும். யார் சொன்னாலும் அதைக் குத்தாதீர்கள். அது ரீஸ்டார்ட் இல்லை, ஃபேக்டரி ரீசெட். வெளி இணைப்புக்கான லாகின் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துவிடும். அவற்றை எங்காவது எழுதி வைத்திருக்காவிட்டால், இதுவரை அடிக்கடி போய்க்கொண்டிருந்த நெட் அன்றோடு மொத்தமாகவே போய்விடும்.