ஏலகிரியில் கூடாரம், நடுவில் ஒரு நாள் வேலூர்

வணக்கம். 3 வயதும் 6 வயதும் ஆன பிள்ளைகளோடு ஏலகிரியில் கூடாரம் போட்டுத் தங்கி, ஒரே நாளில் வேலூர்க் கோட்டை, ஸ்ரீபுரம் பொற்கோயில், அமிர்தி உயிரியல் பூங்கா மூன்றையும் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாதுங்க. அமிர்தியை விட்டுவிடுங்கள், அது ஜவ்வாது மலைப் பக்கம்.

விடிந்ததும் கிளம்புங்கள். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு முட்டப் பால் கொடுத்து ஏற்றினால் பாதி வழியிலேயே வெளியே வந்துவிடும். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆசையாகத்தான் இருக்கும், ஆனாலும் பெரியவனைப் பலகை படிக்கச் சொல்லாதீர்கள், தலை சுற்றும். கீழே இறங்கி வாணியம்பாடியில் இட்லி வாங்கிக் கொடுங்கள்.

கோட்டையை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். வேலூர் வெயில் தெரியுமல்லவா! அகழி நீர், மதில், உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில் மண்டபத்துத் தூண்களில் பாயும் யாளிகள்; பிள்ளைகளுக்கு இதுவே போதும். 1806 சிப்பாய்க் கலகக் கதையைக் காரில் சொல்லிக்கொள்ளலாம்.

ஸ்ரீபுரம் என் கணக்கில் அடுத்த முறைக்கு. நட்சத்திர வடிவப் பாதையில் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நடக்கணும், சின்னவள் தோளில்தான் வருவாள்.

திரும்பும்போது ஆம்பூரில் உங்களுக்குப் பிரியாணி, பிள்ளைகளுக்குத் தயிர்ப் பச்சடியோடு குஸ்கா. அப்புறம், கூடாரத்துக்குள் பிஸ்கட், பழம் எதையும் வைத்துவிட்டு வராதீர்கள். குரங்குக்கு ஜிப் ஒரு பொருட்டே இல்லை. இருட்டுவதற்குள் மலையேறிவிடுங்கள்.