அகராதியைத் திறந்த தாத்தாவும் ஆதன் என்ற பேரனும்

கேள்வி: எங்கள் பையனுக்கு மூன்று மாதம் ஆகிறது, இன்னும் பெயர் முடிவாகவில்லை. போன வருஷம் கீழடி அருங்காட்சியகம் போனபோது பானை ஓட்டில் 'ஆதன்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, பையன் பிறந்தால் இதுதான் என்று நானும் மனைவியும் அன்றைக்கே பேசி வைத்துவிட்டோம். அப்பா அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு "ஆதன்னா குருடன், அறிவிலின்னு போட்டிருக்கு, எம் பேரனுக்கு இதையா வைக்கிறது" என்கிறார். தன் அப்பா பெயரை வைக்கலாமே என்று ஒரே ஒரு தடவை சொன்னார், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இருபத்தெட்டாம் நாள் சும்மா 'கண்ணா' என்று காதில் சொல்லி ஒப்பேற்றிவிட்டோம். பக்கத்து வீட்டுச் சேச்சியோ "ஆதமா?" என்று கேட்கிறார். இந்தப் பெயருக்கு என்னதான் அர்த்தம்? இப்போது யாராவது வைக்கிறார்களா?
- பெயர் வேண்டாம், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்:

தம்பி, உங்கள் அப்பா இல்லாததைச் சொல்லவில்லை. குருடன், அறிவில்லாதவன் என்று பெரிய அகராதிகளிலேயே இருக்கிறது, பிற்காலப் பாட்டுகளில் அறியாதவர்களை 'ஆதர்' என்று ஏசும் வழக்கும் உண்டு. இதை மறைத்துவிட்டு யாராவது 'ஆதன் என்றால் சூரியன்' என்று சொன்னால் நம்பாதீர்கள், அது ஆதவன், வேறு சொல்.

ஆனால் அகராதியைத் திறந்தவர் அதோடு நிறுத்தியிருக்கக் கூடாது. அதே அகராதியில் 'பாரி'யைப் பார்க்கச் சொல்லுங்கள், மனைவி என்றும் ஒரு பொருள் இருக்கும். அதற்காகப் பறம்புமலைப் பாரியை யாராவது மனைவி என்று கூப்பிட்டார்களா, இல்லை பாரி என்று பெயர் வைத்த பையனை யாராவது கேலி செய்கிறார்களா? பெயரைக் கேட்டதும் அதை வைத்துக்கொண்டிருந்த ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார், அகராதி வரி அல்ல. ஆதன் என்ற பெயரை யார் யார் வைத்திருந்தார்கள் என்று பார்த்தால் உங்கள் அப்பாவுக்கே கொஞ்சம் மலைப்பாக இருக்கும்.

சேரலாதன் என்பதைப் பிரித்தால் சேரல், ஆதன். பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதன், அவன் மகன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், அவனுக்கு மகன் ஆடுகோட்பாட்டுச் சேரலாதன், அந்தப் பக்கம் கபிலர் பாடிய செல்வக்கடுங்கோ வாழியாதன் என்று பதிற்றுப்பத்தையும் புறநானூற்றையும் புரட்டினால் சேர வம்சத்தில் தலைமுறைக்குத் தலைமுறை ஒரு ஆதன் வந்து நிற்கிறான். குருடன், முட்டாள் என்ற பொருள் அன்றைக்கு மக்கள் காதில் விழுந்திருந்தால் ஒரு ராஜ குடும்பம் இதைத் தாத்தா, மகன், பேரன் என்று வைத்துக்கொண்டே போயிருக்குமா? பாட்டில் மட்டும் இல்லை, கல்லிலும் இருக்கிறது. கரூர் பக்கம் புகழூர் ஆறுநாட்டான் மலையில் சமண முனிவருக்கு வெட்டிக் கொடுத்த படுக்கையில் 'கோ ஆதன் செல்லிரும்பொறை' என்று தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் பொறித்திருக்கிறது. அந்தக் கரூருக்கும் மேற்கே முசிறித் துறைமுகத்துக்கும் நடுவில் சரக்கு போனதும் வந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான், அதாவது உங்கள் வீட்டு வாசல் வழியாக என்றே வைத்துக்கொள்ளலாம். மேற்கேயும் கிழக்கேயும் ஆண்ட சேரர் பெயர் இது, அதனால் இது தமிழ்ப் பெயரா மலையாளப் பெயரா என்று யாரும் உங்களிடம் மல்லுக்கு நிற்க முடியாது. ஆந்திர எல்லைக்காரர்களும் பங்குக்கு வரலாம், வேங்கடத்துப் பக்கம் ஆதனுங்கன் என்று ஒரு தலைவன் இருந்தான், புறநானூற்றில் கள்ளில் ஆத்திரையனார் அவனைப் பாடியிருக்கிறார்.

ராஜாக்கள் மட்டும் வைத்துக்கொண்ட பெயரும் இல்லை. நீங்கள் கீழடியில் பார்த்த ஓட்டுக்கு வாருங்கள். 'ஆதன்' என்று மட்டும் ஒன்று, 'குவிரன் ஆதன்' என்று இன்னொன்று. ராஜா தன் சோற்றுப்பானையில் தானே பெயர் கீறிக்கொண்டிருக்க மாட்டான், வீட்டில் புழங்கின சட்டியில் சொந்தக்காரன் எழுதி வைத்த பெயர் அது. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறோமே, அதே கதைதான். அந்தக் காலத்தில் இது தெருவுக்கு ஒரு ஆள் வைத்திருந்த பெயர் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்றைக்கு அப்படி இல்லை. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் ஆதவன், ஆதித்யா, ஆதிரன் என்று வரிசையாக வருவார்கள், ஆதன் வருவது அபூர்வம். கீழடிச் செய்திகள் வந்த பிறகு இளம் பெற்றோர் சிலர் இதன்மேல் ஆசைப்படுகிறார்கள், எனக்கே இதற்கு முன் ஒரு கடிதம் வந்திருக்கிறது. வகுப்பில் ஒரே பெயரில் நான்கு பேர் இருந்து இனிஷியலை வைத்துக் கூப்பிட வேண்டிய தொல்லை உங்கள் பையனுக்கு வராது.

எல்லைப் பக்கத்தில் பெயர் வைக்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், பெயர் அந்தப் பக்கத்து வாயில் என்ன ஆகிறது என்பதை. சாத்தன் சங்க காலத்தில் எவ்வளவு மதிப்பான பெயர், மணிமேகலை பாடியவரே சாத்தனார்தான். அதைக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு குழந்தைக்கு வையுங்கள் பார்ப்போம், முதல் நாளே குட்டிச்சாத்தன் ஆகிவிடுவான். கோதை சேர ராஜாக்களின் பெயர், இன்றைக்கு ஆண்டாள் பெயர், பையனுக்கு வைத்தால் ஊர் சிரிக்கும். ஆதனுக்கு அந்த ஆபத்து எதுவும் இல்லை. சேச்சி 'ஆதமா' என்று கேட்டது எழுத்தால் வந்த வினை. தமிழில் நமக்கு ஒரே 'த', மலையாளத்தில் அந்த வரிசையில் நான்கு எழுத்து. மூன்றாவது எழுத்தைப் போட்டால் ஆதம் என்ற பெயரின் பக்கத்து வீடாகத் தெரியும், முதல் எழுத்தைப் போட்டால் சேரலாதனில் வருகிற ஆதனாகவே நிற்கும். என் ஓட்டு முதல் எழுத்துக்கு. இங்கிலீஷில் முதலில் இரண்டு ஏ போடுங்கள், ஒரு ஏ போட்டால் 'அடன்' என்று படிப்பார்கள். எதுவானாலும் ஒரே மாதிரி இருக்கட்டும். என் அண்ணன் மகள் பெயரை ஓர் அலுவலகத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் எழுதி, பத்தாம் வகுப்பு சர்ட்டிபிகேட் வாங்கும்போது நாங்கள் அலைந்த அலைச்சல் எங்களுக்குத்தான் தெரியும். பிறப்பைப் பெயர் இல்லாமல் பதிந்திருந்தால் கவலை வேண்டாம், ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். எழுத்து எழுத்தாகச் சரிபார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அடுத்தது ஆதார் அட்டை, ஆதனுக்கு ஆதார் என்று வீட்டில் எல்லோரும் ஒரு தடவை சிரித்துக்கொள்ளலாம்.

சரி, அப்பா விஷயம். கடிதத்தில் நீங்கள் ஓரமாகப் போட்டுவிட்டுப் போன வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. தன் அப்பா பெயரை வைக்கலாமே என்று ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார் என்கிறீர்கள். அவருடைய வருத்தம் அகராதியில் இல்லை தம்பி. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது, தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். இதை அவர் படித்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டாம், அவர் வளர்ந்த வீட்டில் நடைமுறையே அதுதான். நேராகக் கேட்கக் கூச்சப்பட்டு அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். போய்க் கேளுங்கள், 'அப்பா, தாத்தா பெயரையும் சேர்த்து வைக்கலாமா' என்று. அது சங்கத்துக்கு விரோதமும் இல்லை, சேரல் ஆதன், குவிரன் ஆதன் என்று ஆதனுக்கு முன்னால் இன்னொரு பெயர் நிற்பது அன்றைக்கே இருந்த வழக்கம்தான். சான்றிதழில் முழுப்பெயர், வீட்டில் ஆதன், சேச்சி வாயில் இரண்டு மாதத்தில் 'ஆதூட்டன்', அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம்.

சோறூட்டு வரைக்கும் நாள் இருக்கிறதே. இருபத்தெட்டில் செய்யாமல் விட்டதை அன்றைக்குச் செய்துவிடுங்கள். வெற்றிலையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மற்றக் காதில் மூன்று தடவை பெயர் சொல்லும் வேலையை அப்பாவிடமே கொடுத்துவிடுங்கள். கூடவே ஒரு வரி சொல்ல வேண்டும் என்றால் ஐங்குறுநூற்றின் முதல் பத்தில் எல்லாப் பாட்டும் 'வாழி ஆதன் வாழி அவினி' என்றுதான் தொடங்குகிறது, முதல் பாட்டில் அடுத்த வரியே 'நெற்பல பொலிக பொன்பெரிது சிறக்க'. நெல் விளைகிற ஊர்க்காரர், அவருக்குப் பிடிக்காமல் போகாது.

கடைசியாக உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. தொல்காப்பியத்தில் ஆதனுக்கும் பூதனுக்கும் தனியாக ஒரு சூத்திரமே இருக்கிறது. ஆதன், தந்தை என்ற இரண்டு சொல்லும் சேர்ந்தால் ஆந்தை என்று ஆகும், பூதன் தந்தை பூந்தை. பிசிராந்தையார் என்ற புலவர் பெயரில் இருக்கும் ஆந்தை இதுதான் என்பார்கள், கொங்கில் ஆந்தை, பூந்தை, சாத்தந்தை என்று இன்றைக்கும் இருக்கும் கூட்டப் பெயர்களையும், அதாவது குலப் பெயர்களையும், அதோடு சேர்த்துப் பார்ப்பார்கள். ஆக, பையனுக்கு இந்தப் பெயரை வைத்த நாளிலிருந்து இலக்கணப்படி நீங்கள் ஆந்தை. மூன்று மாதக் குழந்தை இருக்கிற வீட்டில் ராத்திரி யார் தூங்கினார்கள், பொருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அப்பா அதையும் அகராதியில் தேடுவதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்.