பழைய வீடியோ கேம் இசை ஏன் ‘பீப் பீப்’ என்று ஒலிக்கிறது?

காரணம், அந்தக் கருவிகளுக்குள் இருந்த ஒலிச் சிப். மின்துடிப்புகளைக் கொண்டு ஸ்வரங்களை அந்தந்த நேரத்திலேயே உருவாக்கும் சின்னப் பாகம் அது. ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் எழலாம் என்பதற்கு அதில் கண்டிப்பான எல்லை உண்டு. 1982இல் வந்த கொமடோர் 64 என்ற வீட்டுக் கணினியின் சிப்பில் மூன்றே குரல்கள், அதாவது ஒரே நேரத்தில் மூன்றே ஒலிகள். 1983இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபாமிகொம் என்ற கேம் கருவியில் ஐந்து: பெரும்பாலும் மெட்டுக்கு இரண்டு, அடிநாதத்துக்கு ஒன்று, தாளத்துக்கு இரைச்சல் ஒன்று, குட்டிப் பதிவுகளுக்கு ஒன்று.

திருகோணமலை கோணேசர் கோயிலில் மேளம் கேட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். இரண்டு நாதஸ்வரம், ஒரு ஒத்து, ஒரு தவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு நாதஸ்வரக்காரர் சங்கு ஊதப் போனால் அவருடைய பகுதி நின்றுவிடும். பல கேம்களிலும் இதேதான். துள்ளும் சத்தமோ வெடிச் சத்தமோ வந்தால், இசையின் ஒரு குரலை அது எடுத்துக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு தந்திரம். மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கக் குரல் போதாது. சரி, ஒரே குரலை அந்த மூன்றுக்கும் இடையே மாறி மாறி ஓடவிட்டார்கள், செக்கனுக்குப் பல தடவை. காது அவற்றை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். அந்தக் குமிழியிடும் துடிப்பு பிறந்தது இப்படித்தான். நினைவகமும் குறைவு என்பதால் சின்ன மெட்டுகளே திரும்பத் திரும்ப வந்தன.

இதைத் தரம் குறைந்த ஒலிப்பதிவு என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அங்கே பதிவே இல்லை, எழுதிவைத்த குறிப்புகளைச் சிப் அப்போதே வாசித்தது.