அப்பா கண்ட பாட்டி

அன்புள்ள அக்கா,

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து எழுதுகிறேன். அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருமுறை இதயம் நின்று, மருத்துவர்கள் மீட்டார்கள். கண் விழித்ததும், "அம்மா சன்னலோரம் நின்னுச்சு, போலாமான்னு கேட்டுச்சு" என்றார். பாட்டி 1987-லேயே இறந்துவிட்டார். பதினொரு நாளில் அப்பாவும் போய்விட்டார். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே சீன அண்டைவீட்டார் ஏழாம் மாதத்தில் இறந்தவர்களுக்காகத் தாள் எரிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இதே நினைப்பு. இறந்தபின்னும் உயிர் இருக்கிறது என்பதற்கு வாதமோ சான்றோ உண்டா? அப்பா என்னை மறுபடி அடையாளம் கண்டுகொள்வாரா? பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இரண்டாவது கேள்விதான் என்று நினைக்கிறேன். அதற்கு வருகிறேன்.

அப்பா கண்டது அபூர்வமல்ல. அமெரிக்காவின் பஃபலோ நகரில், அந்திமக்காலப் பராமரிப்பில் இருந்தவர்களிடம் மருத்துவர் கிறிஸ்டஃபர் கெர்ரின் குழு திரும்பத் திரும்பக் கேட்டுப் பதிவுசெய்தது. பெரும்பாலோருக்கு இப்படிக் கனவோ காட்சியோ வந்திருக்கிறது. முடிவு நெருங்க நெருங்க, இறந்துபோன சொந்தங்கள்தான் அதிகம் வந்தார்கள். அவர்கள் வந்தால் ஆறுதலும் அதிகம். ஆகவே அப்பா பிதற்றினார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் இது சாகிறவரின் அனுபவம். சாவுக்கு அப்பால் என்ன என்பது இதிலிருந்து தெரியாது.

அதைச் சோதிக்கவும் முயன்றார்கள். மருத்துவர் சாம் பார்னியா தலைமையில் 15 மருத்துவமனைகளில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு அது. உயிர் உடலைவிட்டு மேலெழுந்து பார்க்கிறதா என்று அறிய, சில அறைகளில் கூரையருகே தட்டு அமைத்து, மேலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி படங்கள் வைத்தார்கள். இதயம் நின்ற 2,060 பேரில் பிழைத்துப் பேட்டி தர முடிந்தவர்கள் 140 பேர். ஒருவர் தன்னை மீட்டபோது நடந்ததைச் சரியாகச் சொன்னார். ஆனால் அவர் கிடந்த இடத்தில் தட்டே இல்லை! படத்தை யாரும் பார்த்துச் சொல்லவில்லை. என் கணக்கில் இது சான்று ஆகாது.

வாதங்கள் இதைவிடக் கனமானவை. மணிமேகலைக் காப்பியத்தில் பூதவாதி ஒருவன் வருகிறான், நிலம், நீர் முதலிய பூதங்களைத் தவிர வேறில்லை என்பவன். ஆத்திப்பூவும் கருப்புக்கட்டியும் பிறவும் சேர்ந்தால் கள்ளின் களிப்பு பிறப்பதுபோல, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது, பிரிந்தால் பறையோசைபோல் அடங்கிவிடுகிறது என்கிறான். கண்ணால் கண்டதே சான்று என்றும் சொல்கிறான். மணிமேகலை சிரித்து, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். நல்ல அடி. ஆனால் அவனுடைய கள் உவமை அப்படியே நிற்கிறது. மூளை ஆய்வாளர்கள் இன்று சொல்வதும் ஏறக்குறைய அதுதான்.

எனக்கு அந்த உவமையில் ஓர் ஓட்டை தெரிகிறது. கள் பானைக்குள் களிப்பு இல்லை. குடித்தவனுக்குத்தான் களிப்பு. அப்படியானால் உணர்வு என்பது யாருக்கு? 1995-இல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் 'கடினமான சிக்கல்' என்று பெயர் வைத்தது இந்த இடத்துக்குத்தான். இன்னும் யாரும் அதை அவிழ்க்கவில்லை.

சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் இன்னொரு வழியில் வருகிறார். 'எனது உடல்' என்று சொல்கிறோமே, அப்படிச் சொல்கிறவன் உடலுக்கு வேறானவன் என்பது அவர் தரும் காரணங்களில் ஒன்று. எனக்கு இது போதவில்லை. 'என் உயிர்' என்றும்தானே சொல்கிறோம்? ஆனால் எல்லாப் புலனும் ஒடுங்கிய தூக்கத்திலிருந்து எழுந்து, தூங்கியவன் நானே என்று அறிகிறோமே, அந்த இடத்தில் நான் தயங்கி நிற்கிறேன். உயிர் என ஒன்று தனியே இருக்கலாம். இந்தக் கதவை மூட எனக்கு மனம் வரவில்லை.

சரி, அப்பா உங்களை அடையாளம் காண்பாரா?

இங்கேதான் இந்த வாதங்கள் கைவிடுகின்றன. மெய்கண்டாரின் உயிர் பிறவிதோறும் உடலை மாற்றிக்கொண்டு போகிறது. உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அந்த நினைவு கூடவே போகும் என்று அந்த வாதம் உறுதி தரவில்லை. வர்ஜீனியப் பல்கலைக்கழகத்தின் இயன் ஸ்டீவன்சன் முற்பிறவி பேசும் குழந்தைகளைப் பற்றித் திரட்டத் தொடங்கிய தொகுப்பில் இன்று 2,500 சம்பவங்களுக்கு மேல் உள்ளன. அவற்றை அப்படியே ஏற்றாலும், பெரும்பாலான குழந்தைகள் பள்ளி செல்லும் வயதுக்குள் மறந்துவிடுகிறார்கள். நாம் அழுவது அழியாத உயிருக்காக அல்ல தம்பி. நம்மை அறிந்த ஒருவருக்காக. அவர் திரும்ப வருவார் என்று எந்தச் சான்றை வைத்தும் என்னால் சொல்ல முடியவில்லை. பொய்யாக ஆறுதல் சொல்லவும் முடியவில்லை.

எங்கள் அம்மாவை மண்டாய் தகனச்சாலையில் எரித்து, அஸ்தியைக் கடலில் கரைத்தபோது, "பார்த்துப் போம்மா" என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று இன்றும் தெரியாது. சொன்னது தவறென்று ஒருநாளும் தோன்றியதில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஸ்டீவன்சனின் தொகுப்பில் பெரிய குறை, ஆய்வாளர் போவதற்கு முன்பே பல இடங்களில் குழந்தையின் குடும்பமும் இறந்தவரின் குடும்பமும் சந்தித்துப் பேசிவிட்டதுதான். யார் முதலில் என்ன சொன்னார் என்று பிறகு பிரிக்க முடியவில்லை. அதனால் அப்பா சொன்னதை இன்றைக்கே, தேதி போட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள். பாட்டி நின்றது சன்னலோரமா, கதவோரமா. 'போலாமா' என்றாரா, 'வா' என்றாரா எல்லாவற்றையும். அம்மா கடைசியாகச் சொன்னதை என் தம்பி ஒரு விதமாகச் சொல்கிறான், நான் வேறு விதமாகச் சொல்கிறேன்.