கிரீன் கார்டிலிருந்து அமெரிக்கக் குடியுரிமை: நாட்கணக்கில் கோட்டை விடாதீர்கள்

அமெரிக்காவில் கிரீன் கார்டுடன் வாழும் தமிழர்கள் குடியுரிமை விண்ணப்பம் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். பலருக்கும் தேர்வை நினைத்துத்தான் பயம். என் பார்வையில் அதைவிடக் கவனம் வேண்டியது பயணக் கணக்கு. அதனால் அந்தப் பதில் மட்டும் நீளமாக இருக்கும்.

எத்தனை ஆண்டுகள் கழித்து விண்ணப்பிக்கலாம்? எனக்கு முதலில் 2 ஆண்டு நிபந்தனைக் கார்டுதான் தந்தார்கள். அதுவும் சேருமா?

சேரும். கார்டில் 'ரெசிடென்ட் சின்ஸ்' என்று ஒரு தேதி அச்சாகியிருக்கும். அதுதான் தொடக்க நாள். அன்றிலிருந்து 5 ஆண்டுகள். அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரை மணந்து, 3 ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்து, அந்தத் துணையும் 3 ஆண்டுகளாகக் குடியுரிமை உள்ளவராக இருந்தால் 3 ஆண்டுகளே போதும். விண்ணப்பிப்பவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். கெடு முடிவதற்கு 90 நாட்கள் முன்பே குடியுரிமை விண்ணப்பமான என்-400 படிவத்தை அனுப்பலாம். ஆனால் அந்த 90 நாளுக்கும் முந்திக்கொண்டு அனுப்பினால் நிராகரிக்கப்படும். ஒரு வாரம் தள்ளியே அனுப்புங்கள், தம்பி. அதனால் எதுவும் கெட்டுவிடாது.

அப்பாவுக்கு உடல்நலம் சரியில்லாமல் ஊருக்குப் போய் 8 மாதம் தங்கிவிட்டேன். மொத்த நாட்கள் போதுமான அளவு இருக்கின்றன. பிரச்சினை வருமா?

வரலாம். இங்கே இரண்டு தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன. ஒன்றில் தேறினால் மற்றதிலும் தேறிவிட்டோம் என்று நினைத்துவிடக் கூடாது.

முதல் கணக்கு, நீங்கள் உண்மையில் அமெரிக்க மண்ணில் இருந்த நாட்கள். 5 ஆண்டு விதியில் குறைந்தது 30 மாதம், அதாவது 913 நாட்கள். 3 ஆண்டு விதியில் 18 மாதம், 548 நாட்கள். புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் அமெரிக்காவில் இருந்த நாட்களாகவே எண்ணப்படும்.

இரண்டாவது கணக்கு, குடியிருப்பின் தொடர்ச்சி. ஒரே பயணத்தில் 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்துவிட்டது என்றே அதிகாரி எடுத்துக்கொள்வார். அப்படி இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. உங்கள் 8 மாதம் இந்த வகைதான். மனைவியும் பிள்ளைகளும் இங்கேயே இருந்தார்களா? வேலையை விடாமல் விடுப்பில் போனீர்களா? வீட்டு வாடகையோ கடன் தவணையோ தொடர்ந்து கட்டினீர்களா? அந்த ஆண்டும் இங்கே வசிப்பவராகவே வருமான வரி தாக்கல் செய்தீர்களா? இதற்கான தாள்களையும் அப்பாவின் மருத்துவச் சான்றுகளையும் ஒரே கோப்பில் சேர்த்து நேர்காணலுக்கு எடுத்துச் செல்லுங்கள். பெற்றவரைப் பார்க்கப் போனதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் காரணம் எவ்வளவு நியாயமானதானாலும் சான்று இல்லாமல் நிற்காது.

ஓர் ஆண்டோ அதற்கு மேலோ வெளியே இருந்தவர்களுக்குத் தொடர்ச்சி அறுந்தேவிடும். திரும்பி வந்த நாளிலிருந்து 4 ஆண்டும் 1 நாளும் காத்திருந்து விண்ணப்பிக்கலாம். அப்போதும் முந்தைய 5 ஆண்டுகளுக்குள் 6 மாதத்துக்கு மேற்பட்ட இடைவெளி ஒன்று விழும். அதற்கும் விளக்கம் சொல்லியாக வேண்டும். 4 ஆண்டு 6 மாதம் கழிந்தபின் விண்ணப்பித்தால் அந்தத் தொல்லையும் இல்லை. நீண்ட நாள் வெளியே தங்கித் திரும்பி வர முன்பே வாங்கும் அனுமதியான ரீ-என்ட்ரி பர்மிட் கையில் இருந்ததே என்று சிலர் கேட்கிறார்கள். அது கிரீன் கார்டைக் காப்பாற்ற உதவும். குடியுரிமைக்கான தொடர்ச்சியைக் காப்பாற்றாது.

அம்மாவுக்கு 68 வயது. கிரீன் கார்டுடன் 21 ஆண்டுகளாக எங்களோடு இருக்கிறார். ஆங்கிலம் பேச வராது. அவரால் முடியுமா?

தாராளமாக முடியும். 65 வயது கடந்து, கிரீன் கார்டுடன் 20 ஆண்டுகள் இருந்தவர்களுக்கு ஆங்கிலத் தேர்வே கிடையாது. அமெரிக்க வரலாறு, அரசமைப்பு பற்றிய குடிமையியல் கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளர் துணையோடு தமிழிலேயே பதில் சொல்லலாம். அவர் படிக்க வேண்டியவை தனியே குறிக்கப்பட்ட 20 கேள்விகள் மட்டும். அவற்றில் 10 கேட்டு 6 சரியாகச் சொன்னால் தேர்ச்சி. தினமும் இரண்டு கேள்வியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். 50 வயதும் 20 ஆண்டுகளும், அல்லது 55 வயதும் 15 ஆண்டுகளும் ஆனவர்களுக்கும் ஆங்கிலத்திலிருந்து விலக்கு உண்டு. மறதி நோய் போன்ற காரணங்களால் படிக்கவே இயலாதவர்களுக்கு மருத்துவர் நிரப்பும் என்-648 படிவம் இருக்கிறது.

எங்களைப் போன்றவர்களுக்குத் தேர்வு எப்படி?

2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்குப் புதிய தேர்வு. 128 கேள்விகளிலிருந்து 20 வரை கேட்பார்கள். 12 சரியாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வாசிக்க வேண்டும், ஒன்று எழுத வேண்டும். தவறினால் 60 முதல் 90 நாட்களுக்குள் இன்னொரு வாய்ப்புத் தருவார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சண்டையில் போலீஸ் கைது செய்தது. வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. படிவத்தில் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். வழக்கு எப்படி முடிந்தது என்பதற்கு நீதிமன்றத்திலிருந்து சான்றிட்ட நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கைரேகை எடுக்கும்போதே பழைய பதிவுகள் அதிகாரியின் மேசைக்கு வந்துவிடும். முடிந்துபோன வழக்கைவிட அதை மறைத்த பொய்யே ஒருவருடைய நன்னடத்தையைக் கேள்விக்குள்ளாக்கும். அனுப்புவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கோப்பைக் காட்டிவிடுங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது, குடியுரிமை இல்லாமலே தெரியாமல் வாக்காளராகப் பதிந்துவிட்டவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

என் மகளுக்கு 14 வயது, கிரீன் கார்டு இருக்கிறது. அவளுக்குத் தனி விண்ணப்பம் வேண்டுமா?

வேண்டாம். 18 வயதுக்குள், கிரீன் கார்டுடன், உங்கள் சட்டப்பூர்வப் பொறுப்பில் உங்களோடு அமெரிக்காவில் வாழும் மகள், நீங்கள் குடியுரிமைக்கான உறுதிமொழி எடுத்த அன்றே தானாகக் குடியுரிமை பெறுகிறாள். அவளுக்குப் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள்.

உறுதிமொழி எடுத்த அடுத்த வாரமே சென்னைக்கு டிக்கெட் போடலாமா?

போடாதீர்கள். உறுதிமொழி விழாவில் கிரீன் கார்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அமெரிக்கப் பாஸ்போர்ட் வரும்வரை வெளிநாடு போய்த் திரும்ப உங்கள் கையில் ஆவணம் இருக்காது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றதும் இந்தியக் குடியுரிமை முடிந்துவிடுகிறது. பழைய இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது சட்டமீறல். குடியுரிமைச் சான்றிதழைப் பெற்றதும் அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். அது வந்த பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்ததற்கான சான்றிதழ் வாங்கி, அடுத்து ஓசிஐ அட்டைக்கோ (இந்திய வம்சாவளி வெளிநாட்டவர் விசா இல்லாமல் இந்தியா வர உதவும் அட்டை) விசாவுக்கோ விண்ணப்பியுங்கள். டிக்கெட் அதன் பிறகு.