வானத்தில் மட்டும் தெரியும் புள்ளிகளுக்கு

உங்கள் நிக்கான் டி5600 கேமராவில் எடுத்த படங்களில், லென்ஸை மாற்றியும் எஃப்/16-இல் (லென்ஸின் துளையைச் சிறிதாக்கும் அளவு) வானத்தின் இடது மேல் மூலையில் புள்ளிகள் போகவில்லை என்றால், தூசி சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் பகுதி) பக்கம்தான். பயப்படாதீர்கள், நீங்கள் தொடப்போவது சென்சாரை அல்ல, அதன் முன்னால் உள்ள ஃபில்டர் கண்ணாடியை.

டி5600-இல் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு, செட்டப் மெனுவில் கிளீனிங்குக்காக மிரரை (சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடி) தூக்கி வைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். பல்ப் மோடில் (பட்டனை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் முறை) செய்யவே வேண்டாம். விரல் நழுவினால் ஷட்டர் மூடி ஸ்வாப்பில் (துடைக்கும் தட்டையான குச்சி) சிக்கும், செலவு எங்கேயோ போய்விடும்.

ஃபேனை நிறுத்திவிட்டு, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் புளோயரால் ஊதுங்கள். நுனி உள்ளே போகக் கூடாது. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கேன் காற்றோ சில சமயம் திரவத்தையே பீய்ச்சும். பிறகு எஃப்/16-இல் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இதிலேயே போய்விடும்.

போகவில்லையென்றால் மட்டும் ஏபிஎஸ்-சி (டி5600-இன் சென்சார் அளவு) அளவு ஸ்வாப். சென்சார் கிளீனிங் திரவம் ஸ்வாப் நுனியில் ஓரிரு துளி போதும், கண்ணாடியில் விடக் கூடாது. ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே இழுப்பு, திருப்பி மறுபக்கத்தால் இன்னொன்று, அத்தோடு அதைத் தூக்கிப் போடுங்கள். கேமராவை முன்னாலிருந்து பார்க்கும்போது உங்கள் புள்ளிகள் இடது கீழ் மூலையில் இருக்கும், பிம்பம் தலைகீழாக விழுவதால்.