ப்ளகின் ஏற்கும் லாஞ்சர் எழுதுகிறீர்களா? சில கேள்விகள், பதில்கள்

இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். நாலு எழுத்து அடித்தால் வேண்டிய செயலி வந்து நிற்கும். இதுதான் லாஞ்சர்; அதில் பிறர் எழுதிச் சேர்க்கும் சின்னத் துணை நிரல்தான் ப்ளகின். லினக்ஸில் யுலாஞ்சர், கேரன்னர், ஆல்பர்ட், விண்டோஸில் ஃப்ளோ லாஞ்சர் எல்லாம் இந்த வகைதான். நானும் லினக்ஸுக்கு இப்படி ஒன்றைத் திறமூலமாக எழுதிவருகிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: கல்லூரி மூன்றாம் ஆண்டு, பைத்தான் தெரியும். பெட்டியை வரைவதிலிருந்து தொடங்கலாமா அண்ணா?

பெட்டி கடைசியில் இருக்கட்டும் தம்பி. முதலில் டெர்மினலிலேயே ஓடும் சின்ன நிரல் ஒன்று எழுதுங்கள். லினக்ஸில் ஒவ்வொரு செயலியும் தன்னைப் பற்றி ஒரு டெஸ்க்டாப் கோப்பு வைத்திருக்கும். அவற்றைப் படித்துப் பட்டியல் போட்டாலே பாதி வேலை முடிந்தது. பிளாட்பேக் என்ற பொதி முறையில் நிறுவிய செயலிகளின் கோப்புகள் தனி இடத்தில் இருக்கும், மறக்க வேண்டாம். 'நோடிஸ்ப்ளே' என்று குறித்தவற்றைக் காட்டாதீர்கள். செயலியை ஓட்டும் கட்டளை உள்ள 'எக்ஸெக்' வரியில் சதவீதக் குறியும் ஓர் எழுத்துமாக வருபவை பெரும்பாலும் கோப்புப் பெயருக்கான இடங்கள். அவற்றை நீக்காமல் ஓட்டினால் செயலி அதையே கோப்புப் பெயர் என்று நினைத்துத் திறக்கப் பார்க்கும். எல்லோரும் ஒரு தடவை இதில் விழுந்தவர்கள்தான்.

கேள்வி: ப்ளகினை லாஞ்சருக்குள்ளேயே ஏற்றுவதா, தனி ப்ராசஸாக ஓட்டுவதா?

தனி ப்ராசஸ், அதாவது தனியாக ஓடும் நிரல். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. உள்ளேயே ஏற்றினால் வேகம் கிடைக்கும், எழுதுவதும் சுலபம். ஆனால் யாரோ ஒருவர் எழுதிய வானிலை ப்ளகின் இணையத்துக்காகக் காத்து நின்றால் உங்கள் பெட்டியும் சேர்ந்து உறையும். பயனர் திட்டுவது ப்ளகினை அல்ல, உங்களை.

யுலாஞ்சர் ஒவ்வொரு ப்ளகினையும் தனி ப்ராசஸாக ஓட்டுகிறது. கேரன்னருக்கு, நிரல்கள் தமக்குள் செய்தி பரிமாறும் டி-பஸ் வழியாகப் பேசும் எந்த நிரலும் ப்ளகின் ஆகலாம். பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வகையின் லாஞ்சர் ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. ப்ளகின்களோடு அது பேசுவதோ ஜேசான் என்ற வெறும் உரை வடிவ வரிகளில்தான், உள்ளீட்டு வெளியீட்டுக் குழாய் வழியே. நான் எடுத்துக்கொண்டது இந்தக் கடைசி வழி. பாஷ் (டெர்மினல் கட்டளை மொழி) மட்டும் தெரிந்தவர்கூட ப்ளகின் எழுதலாம், அது விழுந்தால் மறுபடி எழுப்பிவிடலாம்.

செலவு இல்லாமல் இல்லை. முப்பது பைத்தான் ப்ராசஸ் ஒரே நேரத்தில் ஓடினால் நினைவகம் கரையும். அதனால் பயனர் அந்த ப்ளகினுக்கான சொல்லை அடித்த பிறகே அதைத் தொடங்குகிறேன். அப்புறம், ப்ளகின் அனுப்பும் முதல் செய்தியிலேயே, அது லாஞ்சரோடு பேசும் நெறிமுறையின் பதிப்பு எண்ணைக் கேளுங்கள். ஆல்பர்ட்டின் பைத்தான் ப்ளகின்களும் இடைமுகப் பதிப்பை இப்படி அறிவிக்கின்றன. எண் இல்லாமல் வெளியிட்டுவிட்டால் பிறகு ஒரு புலத்தின் பெயரை மாற்றவும் கை நடுங்கும்.

கேள்வி: வேகமாக அடிக்கும்போது முடிவுகள் இடம் மாறுகின்றன. எண்டர் தட்டினால் வேறு எதுவோ திறக்கிறது.

பழைய தேடலின் பதில் தாமதமாக வந்து புதிய பட்டியலில் நுழைகிறது. ஒவ்வொரு தேடலுக்கும் ஓர் எண் கொடுத்து, பழைய எண்ணோடு வருவதைத் தூக்கி எறியுங்கள். சரியான தேடலின் பதிலே தாமதமாக வந்தாலும், பயனர் தேர்ந்து நிற்கும் வரியை நகர்த்தாமல் கீழே சேருங்கள்.

கேள்வி: தமிழில் தேடினால் சில பெயர்கள் சிக்குவதில்லை, ஏன்?

'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்களாக. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. தேடல் சொல், பெயர் இரண்டையும் என்எஃப்சி என்ற, குறியை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவுக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். பொருந்திய எழுத்தைத் தடிப்பாகக் காட்டும்போதும் முழு எழுத்தாகக் காட்டுங்கள். இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்ந்து நிற்கும். தமிழ்ப் பெயர் இருந்தாலும் ஆங்கிலப் பெயரையும் சேர்த்தே தேடுங்கள், நம்மில் பலர் அதைத்தான் அடிக்கிறோம்.

கேள்வி: வேலண்டில் குறுக்கு விசை வேலை செய்யவில்லை.

லினக்ஸில் திரையையும் விசைகளையும் கையாளும் அமைப்புகளில் எக்ஸ்11 பழையது, வேலண்ட் புதியது. எக்ஸ்11இல் எந்தச் செயலியும் ஒரு விசையைத் தனக்கென்று பிடித்துக்கொள்ளலாம், வேலண்டில் முடியாது. வேண்டுமென்றே வைத்த தடை அது. பெட்டியைத் திறக்க ஒரு கட்டளை கொடுத்து, க்னோம் டெஸ்க்டாப்பின் அமைப்புகளில் பயனரே அதற்கு விசை ஒதுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பிறர் எழுதும் ப்ளகின் பாதுகாப்பானதா?

இல்லை. தனி ப்ராசஸ் என்றாலும் அது உங்கள் கோப்புகள் எல்லாவற்றையும் படிக்கும் உரிமையோடுதான் ஓடுகிறது. நிறுவும் முன் மூல நிரலைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் இருநூறு வரிகூட இருக்காது.

கேள்வி: லாஞ்சரை மறுதொடக்கம் செய்தால் அதிலிருந்து திறந்த உலாவியும் மூடிவிடுகிறதே சார்?

லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியின் கீழ் லாஞ்சரைச் சேவையாக ஓட்டுகிறீர்கள், சரிதானே? சேவையை நிறுத்தும்போது அதே குழுவில் உள்ள எல்லா ப்ராசஸையும் சிஸ்டம்டி கொன்றுவிடும். ஃபோர்க் செய்து தனி ப்ராசஸாகப் பிரித்தாலும் குழு மாறாது. இது தெரியாமல், பாதி நிரப்பிய ஒரு நீண்ட படிவத்தை நானும் இழந்திருக்கிறேன். ஒவ்வொரு செயலியையும் சிஸ்டம்டி-ரன் கட்டளை கொண்டு தனி ஸ்கோப்பில் (தனிக் குழுவில்) திறந்தால் போதும்.